வீணாகப் போன தண்ணீர்

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய பாதங்கள் முழுசாக உலர்ந்ததே இல்லை. நிலம் இருந்தது, ஆழ்துளைப் போர் இருந்தது, போரில் தண்ணீரும் இருந்தது. அந்தத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் அவள்தான். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, வாய்க்காலில் ஓடி வரும் தண்ணீருக்கு முன்னால் மண்வெட்டியோடு ஓட வேண்டும். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை அடைத்து அடுத்ததன் வாயைத் திறக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் வரப்பு உடைந்துவிடும். உடைந்த இடத்தில் சேற்றை அள்ளி அப்பி, ஏறி நின்று மிதித்து முடிப்பதற்குள் மேலே வேறொரு பாத்தி வழிந்துகொண்டிருக்கும்.

கால் விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வந்தது. ஒரு பக்கம் ஆறுவதற்குள் இன்னொரு பக்கம் வெடிக்கும். பூசாத களிம்பு இல்லை. செருப்புப் போட்டால் எரியும், போடாவிட்டால் குத்தும். விசேஷ வீடுகளுக்குப் போனால் புடவைக் கரையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டுதான் உட்காருவாள்.

அந்த வேலையில் அவளுக்குத் துணை நாத்தனார். கணவரின் ஒரே தங்கை, பக்கத்திலேயே, சரிவில் இறங்கினால் வரும் பள்ளத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷனுக்கு ஊரில் ‘ரேடியோ’ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் பேட்டரி தீரும்வரை நிறுத்தமாட்டார் என்பதால் வந்த பெயர். நல்ல உழைப்பாளி. பேசிக்கொண்டே ஒரு கிணறு வெட்டி, பேசிக்கொண்டே எலுமிச்சைக் கன்று நட்டு, அவை மரமாகிக் காய்க்கத் தொடங்கியிருந்தன. ஆழமில்லாத கிணறுதான், ஆனால் எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும்.

“எங்க கிணறு எங்கம்மா வாய் மாதிரி அண்ணி” என்பாள் நாத்தனார், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. “எப்பவும் நிரம்பித்தான் இருக்கும். எப்ப வழியும்னு சொல்ல முடியாது.”

“உங்க அண்ணன் காதுல விழப்போவுது.”

“விழட்டுமே. அண்ணனுக்கும் அம்மாவைப் பத்தித் தெரியாதா என்ன?”

இருவரும் சேர்ந்து சிரித்ததில் ஒரு பாத்தி வழிந்துவிடும். அப்புறம் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு நாத்தனார் மேலே ஏறி வந்து ஒரு கை கொடுக்காத நாளே கிடையாது. கேட்டு வந்தவள் இல்லை. அண்ணியின் காலைப் பார்த்து வந்தவள்.

சொட்டு நீர்க் குழாய் போட வேண்டும் என்று வீட்டில் முதலில் பேச்செடுத்தது அண்ணிதான். கணவர் பிடி கொடுக்கவில்லை.

“செடி தண்ணி குடிக்கணும்னா வயிறு முட்டக் குடிக்கணும். சொட்டுச் சொட்டா ஊத்தறதுக்கு அது என்ன, ஆஸ்பத்திரில படுத்திருக்கா?”

“செடி படுக்கலைங்க. நான்தான் படுக்கப் போறேன்.”

“எல்லார் வீட்டுலயும் பொம்பளைங்க மடை மாத்தலையா?”

அவள் முக்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு, அதன்மேல் இரண்டு பாதங்களையும் தூக்கி வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். கோபமா, வெட்கமா என்று அவளுக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் குழாய்க்காரர் வந்து நிலத்தை அளந்தார்.

குழாய் பதித்த நாளில் நாத்தனாரும் ரேடியோவும் விடிந்ததுமே வந்துவிட்டார்கள். ரேடியோ கறுப்புக் குழாய்ச் சுருளை உருட்டிக்கொண்டே ஓட, பெண்கள் இருவரும் பின்னால் குனிந்து, குழாய் நகராதபடி முளை அடித்துக்கொண்டே போனார்கள். குழாய்க்காரர் வால்வைத் திறந்தார். குழாயில் காற்று சீறி அடங்கியது. பிறகு ஒவ்வொரு செடியின் தூரிலும் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. மண்ணில் தட்டு அளவுக்கு ஓர் ஈர வட்டம். அவ்வளவுதான். வட்டத்துக்கு வெளியே காய்ந்த மண்.

அவள் மண்வெட்டியோடு நின்றாள். எங்கே போய் நிற்பது, எதை அடைப்பது என்று கைக்கும் காலுக்கும் புரியவில்லை.

“அதைக் கீழ போடுங்க அண்ணி” என்று நாத்தனார் வந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். “இனிமே உங்க காலுக்கு விடுதலை. கொலுசு வாங்கிப் போட்டுட்டு ஜிங்கு ஜிங்குன்னு நடங்க.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாத்தனார் அதைப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

மாறியது கால் மட்டும் இல்லை, கணவரும் மாறினார். மாட்டேன் என்றவர்தான் பிறகு அதிலேயே ஊறிப்போனார். காலையில் எழுந்ததும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவார். மண்ணில் செருகினால் ஈரம் காட்டும் கருவி ஒன்று வாங்கி, சட்டைப் பையில் பேனா மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தார். முள் ஒரு பக்கம் நின்றால் தண்ணீர் விடுவார், இன்னொரு பக்கம் போனால் நிறுத்திவிடுவார். முன்பு நாள் முழுக்க ஓடிய மோட்டார் இப்போது காலைச் சாப்பாட்டுக்குள் ஓய்ந்துவிடும். கரண்ட் பாதிக்குப் பாதி மிச்சம். மிஞ்சிய தண்ணீரில், ஆண்டாண்டாகத் தரிசாகக் கிடந்த மேட்டு நிலத்தைத் திருத்தித் தக்காளி போட்டார்கள். “இது உன் நிலம். நீ கேட்டதாலதானே வந்தது” என்றார் ஒருநாள், நல்ல மனநிலையில். ஊரில் அவரைச் ‘சொட்டு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில் “சொட்டுக்கு அரை கிளாஸ் போதும்ப்பா, மிச்சம் பண்றவர்” என்று கிண்டல் செய்தால், அவரும் சேர்ந்து சிரிப்பார். அதற்கு முன் அவர் ஊர்க் கிண்டலுக்குச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அவள் கால் ஆறியது. ஒரு பருவம் முடிவதற்குள் விரல் இடுக்கில் புதுத் தோல் வந்தது. நாத்தனார் மேலே ஏறி வருவதும் குறைந்தது. வருவதற்கு வேலை இல்லையே. எப்போதாவது வந்தால் இருவரும் நிழலில் உட்கார்ந்து பேசினார்கள். உட்கார்ந்து பேசும்போது, ஏனோ, அந்தப் பழைய சிரிப்பு வரவில்லை.

அடுத்த கோடையில் நாத்தனாரின் கிணறு இறங்க ஆரம்பித்தது.

“இந்த வருஷம் வெயில் அப்படி” என்றார் ரேடியோ. மழை ஏன் பொய்த்தது, காற்று ஏன் திசை மாறியது, தன் தாத்தா காலத்தில் எந்த ஆண்டு இதேபோல் ஆயிற்று என்று ஒரு முழு நிகழ்ச்சி நடத்தினார். கோடை முடிந்து சுமாராக மழையும் பெய்தது. கிணற்றில் முழங்கால் அளவு ஏறி, மாதம் திரும்புவதற்குள் வடிந்துபோயிற்று. ஆள் வைத்து ஆழப்படுத்தினார்கள். சேறு வந்தது, பிறகு சேறும் நின்று பாறை வந்தது. எலுமிச்சை இலைகள் படகு மாதிரிச் சுருண்டன. விழுந்த பிஞ்சுகளை நாத்தனார் முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வந்து அண்ணியிடம் காட்டினாள். சுண்டைக்காய் அளவுதான் இருந்தன.

“யாரு கண்ணு பட்டுதோ அண்ணி. எனக்கு ஒண்ணும் புரியல.”

“உரம் ஏதாவது கம்மியா இருக்கும். உங்க அண்ணன்கிட்ட கேக்கறேன்.”

அப்போது அவளுக்கும் உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

தெரிந்தது ஒரு முற்பகலில், ஊரே பார்க்க. விவசாய அதிகாரி அம்மா ஒரு வண்டி நிறைய விவசாயிகளை அழைத்துக்கொண்டு, இவர்கள் தோட்டத்தைக் காட்ட வந்திருந்தாள். சின்ன வயசு, நல்ல மாதிரி. வந்தவர்களை மரத்தடியில் உட்கார வைத்தார்கள். டீ போட நாத்தனாரும் வந்திருந்தாள். கணவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“இவரு தோட்டத்தைப் பாருங்க” என்றாள் அதிகாரி. “முன்னாடி நாள் பூரா மோட்டார் ஓடும். இப்போ காலையிலேயே நிறுத்திடறார். கரண்ட் மிச்சம், தண்ணி மிச்சம், விளைச்சலும் கூட. முன்னாடி பாய்ச்சினதுல பாதிக்கு மேல வீணாப் போச்சு.”

வந்தவர்கள் தலையாட்டினார்கள். டீத் தட்டோடு நின்றிருந்த நாத்தனார் கேட்டாள்: “வீணாப் போச்சுன்னா எங்க போச்சும்மா?”

சும்மா கேட்டதுதான். பின்னால் நின்றிருந்த அவளுக்கு அது நன்றாகத் தெரியும். நாத்தனாரின் குரலில் எந்த உள்நோக்கமும் இல்லை.

“கொஞ்சம் வெயில்ல ஆவியாப் போயிடும். மிச்சம் மண்ணுக்குள்ள இறங்கிடும். வேரைத் தாண்டிக் கீழ போயிட்டா செடிக்கு உதவாதில்லையா, அதைத்தான் வீண்னு சொல்றோம்.”

“இறங்கினது அங்கேயே இருக்குமா?”

“அதெப்படி இருக்கும்? மெல்ல நகரும். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்...” அதிகாரி கையை நீட்டிக் காட்டினாள்.

கை காட்டிய பக்கத்தில் எலுமிச்சை மரங்கள் நின்றன. பாதி இலையோடு, பழுப்பேறி. அவற்றின் நடுவில் கிணற்றுச் சுவர்.

அதிகாரிக்கும் அது புரிந்துவிட்டது. நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள். “அது யாருடைய தோட்டம்?” என்று தணிந்த குரலில் கேட்டாள்.

“என்னோடதுதான்” என்றாள் நாத்தனார். தட்டில் மிச்சமிருந்த டம்ளர்களை எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

அன்று சாயங்காலம் நாத்தனாரும் ரேடியோவும் வந்தார்கள். வாசல் பக்கம் வராமல் கொல்லைப்புறமாகச் சமையல்கட்டுக்கே வந்துவிட்டார்கள். எப்போதும் அப்படித்தான் வருவார்கள். கணவர் அப்போதுதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்.

“அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?”

“கேளு.”

“வாரத்துல ஒரே ஒரு நாள், கீழ் வயல்ல மட்டும் பழையபடி பாத்தியில தண்ணி விடேன். கிணத்துக்கு ஊறினா போதும். மரம் பொழச்சுக்கும்.”

கணவர் சொம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

“இங்க பாரும்மா. நான் போர்லேருந்து இறைச்சுக் கொட்டணும். பாதி வெயில்ல போகும். பாதி மண்ணுல போகும். மிஞ்சறது எப்பவோ உன் கிணத்துக்கு வரணும். அதுக்கு மோட்டார் நாள் பூரா ஓடணும். போரும் இறங்கிட்டே போகுது, தெரியுமா உனக்கு? இன்னும் ரெண்டு வருஷம் பழையபடி விட்டிருந்தா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல.”

“முன்னாடி விட்டுட்டுத்தானே இருந்த?”

“முன்னாடி தெரியாம விட்டேன். தெரிஞ்சே எப்படி விடறது? அதுவும் இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நின்னு பேசிட்டு?”

நியாயமான பேச்சுதான். நாத்தனார் அண்ணன் முகத்திலிருந்து கண்ணை எடுத்து அண்ணியைப் பார்த்தாள்.

“அண்ணி, நீங்களாவது சொல்லுங்க.”

அவள் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். பாத்தியில் தண்ணீர் விடுவதென்றால் யார் போய் நிற்பது? மண்வெட்டி யார் கைக்கு வரும்? புதுத் தோல் வந்த விரல்களைச் சேற்றில் வைக்கும் அந்த முதல் நொடி அவளுக்கு இப்போதே உடம்பில் தெரிந்தது. அது ஒரு நாள்தானே என்று ஒரு மனம் சொன்னது. ஒரு நாளில் நிற்குமா என்றது இன்னொன்று.

“அவர் சொல்றதும் நியாயமாத்தானேம்மா இருக்கு” என்றாள்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் ஒண்ணு பண்றேன்” என்றார் கணவர், குரலில் பாசம் வந்து. “எதுக்கு மண்ணுக்குள்ள விட்டு வரணும்? என் போர்லேருந்து நேரா உன் மரத்துக்கு ஒரு லைன் போட்டுத் தரேன். குழாய் என்னோடது. ஒவ்வொரு மரத்துக்கும் எவ்வளவு வேணுமோ அளந்து விடறேன். ஒரு சொட்டு வீணாகாது. என்ன மாப்ள, சொல்லுங்க.”

அதுவரை ரேடியோ வாயே திறக்கவில்லை. அதுவே அந்த வீட்டில் யாரும் கண்டிராத அதிசயம்.

“நல்ல யோசனைதான் மச்சான்” என்றார் நிதானமாக. “ஆனா ஒண்ணு. ஊத்துல வந்த தண்ணி யாரையும் கேட்டு வரல. அது பாட்டுக்கு வந்துது, நாங்க பாட்டுக்கு எடுத்தோம். குழாய்ல வர்றது உங்களைக் கேட்டுட்டுத்தானே வரும்?”

“என்ன மாப்ள இப்படிப் பிரிச்சுப் பேசறீங்க? என் தங்கச்சிக்குத் தண்ணி தர நான் கணக்குப் பாப்பேனா?”

“பாக்கமாட்டீங்க. சொல்லி வெச்சேன், அவ்வளவுதான்.”

மரம் செத்துக்கொண்டிருக்கும்போது மானத்தைப் பார்க்க முடியுமா? குழாய் சரிவில் இறங்கியது. ரேடியோவே குழி பறித்தார். வால்வு மட்டும் மேலே, போர் பக்கத்தில், கணவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. மற்ற எல்லா வால்வுகளும் அங்கேதான் இருந்தன என்பதால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மரங்கள் துளிர்த்தன. மறு வருஷம் கோடைக்குச் சற்று முன்னால் பூவும் வைத்தன. நாத்தனார் மறுபடி மேலே ஏறி வந்து போக ஆரம்பித்தாள். ஆனால் வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவந்தாள். ஒரு கூடை விறகு, கறந்த பால் ஒரு செம்பு, வீட்டில் செய்த பலகாரம். முன்பெல்லாம் வெறுங்கையோடு வந்து, சட்டியைத் திறந்து பார்த்து, இருப்பதைப் போட்டுச் சாப்பிடுகிறவள். “எதுக்கும்மா இதெல்லாம்?” என்றால், “சும்மாதான் அண்ணி” என்பாள். அண்ணன் எதிரில் வந்தால் எழுந்து நின்றாள். கூடப் பிறந்தவன் முன்னால் எழுந்து நிற்கிறாளே என்று அவளுக்கு உறுத்தியது. கணவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கோடை உச்சத்துக்கு வந்தது. போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் முக்கியது. மேட்டு நிலத்துக் கடைசி வரிசைகளுக்குப் பிரஷர் போதவில்லை. சொட்டு விழ வேண்டிய இடத்தில் வெறும் ஈரம் கசிந்தது. தக்காளி காய் பிடித்து நின்ற நேரம். மத்தியானத்தில் செடிகள் தலையைத் தொங்கப்போட்டன, சாயங்காலம் நிமிரவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கணவர் ஊரில் இல்லை. தொலைவில் ஏதோ விவசாயக் கூட்டத்தில் தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் போன் செய்தாள்.

“மேட்டுல செடி எல்லாம் துவண்டு போச்சுங்க. கடைசி நாலு வரிசையும் போயிடும்போல.”

பின்னால் மைக் சத்தம் கேட்டது.

“கீழ போற வால்வை மூடிடு. மேட்டுக்குப் பிரஷர் ஏறும்.”

“மரம் பூவோட நிக்குதுங்க.”

“மரம்டி அது, தாங்கும். தக்காளி தாங்காது. ஒரு பத்து நாள்தான். நான் வந்து மாப்ளகிட்ட சொல்லிக்கறேன். இப்ப நீ போய்ச் சொல்லிட்டிருக்காதே, பெரிய ரகளையாயிடும்.”

அவள் வால்வுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். வரிசையாக நீலப் பிடி போட்ட வால்வுகள். கடைசியில் இருந்ததுதான் பள்ளத்துக்குப் போவது. வெயிலில் பிடி சுட்டது. அவள் முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினாள். கால்வாசித் திருப்புதான். ஓடிக்கொண்டிருந்த தண்ணீரின் இரைச்சல் கொஞ்சம் மாறியது. மேட்டுக்கு ஏறிப் பார்த்தாள். கடைசி வரிசையில் சொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரண்டு விழுந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். வேறு எதுவும் இல்லை. தன் தக்காளி பிழைத்தது என்ற சந்தோஷம்.

கணவர் திரும்பி வந்தார். மாப்பிள்ளையிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அந்த நாளை வரவில்லை. தக்காளி நன்றாகத் தேறியது. வால்வு மூடியே கிடந்தது.

ஒரு காலை, நாத்தனார் ஏறி வந்தாள். கையில் எதுவும் இல்லை. அப்போது அண்ணி களத்தில் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“மரத்துல பூவெல்லாம் கொட்டிப் போச்சு அண்ணி. குழாயைத் தூக்கிப் பாத்தேன், காஞ்சு கிடக்கு. யாரு மூடினது?”

கேட்ட குரல் சாதாரணமாக இருந்தது. பதிலுக்காக நாத்தனார் நின்றாள், அவசரப்படாமல். அவள் ஒரு தக்காளியை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

“உங்க அண்ணன்தான்.”

“அண்ணனா?”

“ஆமாம்மா. பிரஷர் போதலைன்னு மூடினாரு. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தாரு.”

நாத்தனார் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு “சரி அண்ணி” என்றாள்.

சண்டை வீட்டு வாசலில் நடந்தது. அவள் சமையல்கட்டில், சல்லடையைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள்.

“நீதான் மூடினியாண்ணே?”

கணவர் உள்ளே திரும்பிப் பார்த்தாரா, தெரியவில்லை.

“ஆமா, நான்தான் மூடினேன். என்ன இப்ப? செடி செத்துட்டிருந்துது. உன் மரம் பத்து நாள் தாங்காதா?”

“சொல்லிட்டு மூடியிருக்கலாமில்ல? குடத்துலயாவது தூக்கி ஊத்தியிருப்பேனே?”

“சொன்னா உன் புருஷன் ஊரைக் கூட்டுவாரு.”

“என் புருஷன் அன்னிக்கே சொன்னாரு. நான்தான் எங்க அண்ணன் அப்படி இல்லைன்னு வாதாடினேன்.”

“தண்ணி என்னோடது, கரண்ட் என்னோடது, குழாயும் என்னோடது. கொடுத்த வரைக்கும் கொடுத்தேன். அதுக்கு இந்தப் பேச்சா?”

சொன்ன பிறகு அவருக்கே கேட்டிருக்க வேண்டும், தான் என்ன சொன்னோம் என்று. பிறகு நாத்தனார் இறங்கிப் போகும் காலடி.

அன்றைக்கே கணவர் போய் வால்வைத் திறந்துவிட்டார். தண்ணீர் சரிவில் இறங்கியது, ஆனால் மரத்துக்குப் போகவில்லை. ரேடியோ தன் எல்லையில் குழாயின் இணைப்பைக் கழற்றி விட்டிருந்தார். வரப்போரத்தில் தண்ணீர் கொட்டிக் குட்டையாகத் தேங்கியது. கணவர் சமாதானம் பேசப் போனார். ரேடியோ வேலியோரம் நின்றுகொண்டு, “வேணாம் மச்சான். நாளைக்கு மறுபடி மூடமாட்டீங்கன்னு நான் எதை நம்பறது? உங்க மேல தப்பு இல்ல. வால்வு இருந்தா மூடத்தான் தோணும்” என்றார். அவ்வளவுதான். இன்னும் பேசுவார் என்று கணவர் நின்றுகொண்டே இருந்தாராம். பேசவில்லையாம்.

வீட்டுக்கு வந்து, “நான் என்ன தப்புப் பண்ணேன்னு நீயே சொல்லு” என்றார் அவளிடம். “தண்ணியை மிச்சம் பண்ணது தப்பா? அவங்களுக்குக் குழாய் போட்டுக் கொடுத்தது தப்பா?” வாதத்துக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார். சாப்பாடு தட்டில் அப்படியே இருந்தது.

கொஞ்ச நாள் நாத்தனார் தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். எத்தனை மரத்துக்கு எத்தனை குடம்? பிறகு அதுவும் நின்றது. ஒரு வாரத்தில் கோடரிச் சத்தம் கேட்டது. மேட்டில் களை பறித்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரேடியோ வெட்ட, நாத்தனார் கிளைகளை இழுத்து அடுக்கினாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பச்சைக் கட்டையின் எலுமிச்சை வாசனை காற்றில் ஏறி மேடுவரைக்கும் வந்தது. அவள் போய்த் தடுத்திருக்கலாம். குனிந்து அடுத்த களையைப் பறித்தாள்.

ரேடியோ டவுனில் ஒரு குடோனில் மூட்டை தூக்கப் போனார். நாத்தனாருக்குக் காய்கறி பேக்கிங் ஷெட்டில் வேலை கிடைத்தது. காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய், இருட்டும்போது கொண்டுவந்து விட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒற்றையடிப் பாதையில் புல் முளைத்தது.

மழைக்கு முந்தைய புழுக்கமான ஒரு காலையில் நாத்தனார் வந்தாள், தலையில் சுமையோடு. கொல்லைப்புறமாக வராமல் வாசல் வழியாக வந்தாள். முற்றத்தில் சுமையை இறக்கினாள். கறுப்புக் குழாய்ச் சுருள். மண் போகக் கழுவி, துடைத்து, முளைகளைத் தனியாக ஒரு சாக்குத் துண்டில் கட்டியிருந்தாள்.

“உங்களது அண்ணி. ஒரு ஓட்டை கிடையாது, பாத்துக்கங்க.”

“இதை யாரு கேட்டா? உள்ள வாம்மா. சாப்பிட்டுப் போ.”

“வண்டி வந்துடும்.” நாத்தனார் தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் செருகினாள். “ஷெட்டுக்கு உங்க தக்காளிதான் வருது. பெட்டி மேல அண்ணன் பேரு இருக்கும். நல்லா இருக்கு. எல்லாம் ஒரே அளவு. பிரிக்கறதுக்கு வேலையே வைக்கறதில்ல.”

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“உங்க அண்ணன் மேல இன்னும் கோவமா? அவர் தினம் உன்னைத்தான்...”

“அண்ணன் மூடலை அண்ணி.”

அவள் கை முந்தானை நுனியைச் சுருட்டியது.

“அன்னிக்கு நான் வேலிக்கு எங்க பக்கம் புல்லு அறுத்துட்டிருந்தேன். நீங்க முந்தானையைச் சுத்திக்கிட்டு வால்வைத் திருப்பறதைப் பாத்தேன். ஏதோ கழுவறீங்கன்னு நினைச்சேன். அப்புறம் தண்ணி வரல. நாள் போச்சு. நீங்களே வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். பூ கொட்டிச்சு. அப்பவும் சண்டைக்கு வரல நான். யாரு மூடினதுன்னு உங்களையேதான் கேட்டேன்.”

“அவர்தான் போன்ல...”

“சொல்லியிருப்பாரு. தெரியும். நான் அதைக் கேக்கல.” குரல் உயரவே இல்லை. “அண்ணனோட சண்டை போட்டா நாலு மாசம் கழிச்சுச் சேந்துக்கலாம், ரத்தம். உங்களோட போட்டா அதோட முடிஞ்சுது. அதான் அண்ணன்கிட்டயே போட்டேன். இப்ப பாத்தா, எனக்கு ரெண்டு பேருமே இல்ல.”

தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. நாத்தனார் திரும்பிப் பார்த்து, “வர்றேங்க” என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். பிறகு இவளிடம் எதுவும் சொல்லாமல் நடந்தாள். வேகமாகக்கூட நடக்கவில்லை. வேலைக்குப் போகிற நடைதான்.

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு கணவர் ஃபில்டரைக் கழுவிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“யாரு, தங்கச்சியா? வந்தாளா? என்ன சொன்னா?”

“குழாயைக் கொடுத்துட்டுப் போறா.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல.”

அவர் குழாய்ச் சுருளின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு முனையைப் பிரித்து, விரலால் நீவிப் பார்த்தார். ஒரு துளையில் வாயை வைத்து ஊதினார். காற்று சுத்தமாகப் போயிற்று. ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“சும்மா போட்டு வெச்சா வெயில்ல வெடிச்சிடும்” என்றார் கடைசியில். “மேட்டுல அந்த ஓரம் பாக்கி இருக்கே. மழைக்கு முன்னாடி போட்டுடலாம். நீ அந்த முனையைப் பிடி.”

அவள் குனிந்து, அந்த முனையைப் பிடித்தாள்.